அடுத்தவர் டொமைன் உங்கள் பேரில் எதற்கு?

கேள்வி: விருதுநகரில் இரண்டு வருடமாகத் தனியாளாக வெப்சைட், சோஷியல் மீடியா வேலை செய்கிறேன். 9 கடைகளுக்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் வாங்கிக்கொண்டு 12 போஸ்டர், 4 ரீல்ஸ் செய்து தருகிறேன். இதுவரை 31 சைட் போட்டிருக்கிறேன். சைட் ஒன்றுக்கு 12,000 ரூபாய். டொமைன் (சைட்டின் இணைய முகவரி), ஹோஸ்டிங் (சைட் இருக்கும் சர்வர் இடம்) எல்லாம் என் பேரில். விளம்பரப் பணம் மாதம் 40,000 வரை என் கிரெடிட் கார்டில் போகிறது, கடைக்காரர்கள் பிறகு தருவார்கள். தினமும் 12 மணிநேரம் உழைத்தும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. போன வாரம் ஒரு பால்கோவா கடையின் டாட் காம் டொமைன் காலாவதியாகி சைட்டும் மெயிலும் நின்றுவிட்டன; 9 நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பள்ளி 7 மாதமாக 68,000 ரூபாய் தரவில்லை. அவர்கள் சைட்டை நிறுத்திவிடலாமா? ஒரு ஜவுளிக்கடை ஆடிட்டர் ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் பணம் என்கிறார். சிவகாசிப் பட்டாசுக் கடை ஒன்று ஆன்லைன் ஆர்டர் சைட்டுக்கு 25,000 தருகிறேன் என்கிறது. ஊரில் இன்னொருவர் இதே வேலையை 3,000-க்குச் செய்கிறார். விலையைக் குறைக்கவா?
– வாசகர், விருதுநகர்

அன்புள்ள வாசகருக்கு,

விலையைக் குறைக்க வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் பால்கோவா கடை. இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே அந்த டொமைனைப் புதுப்பித்துவிடுங்கள்.

டாட் காம் டொமைன் காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போய்விடாது. டொமைனை விற்ற பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாள் முதல் அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது புதுப்பிக்கும் கட்டணத்தோடு மீட்புக் கட்டணம் என்று சில ஆயிரங்கள் தனியாகக் கேட்பார்கள். அதையும் விட்டால் 5 நாள் நீக்க வரிசையில் நிற்கும், பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் முதல் கட்டத்திலேயே ஏலத்தில் விடவும் செய்கின்றன. 45 நாள் இருக்கிறதே என்று நம்பி உட்கார முடியாது. 9 நாள்தான் ஆகியிருக்கிறது என்பதால் அநேகமாகச் சாதாரணக் கட்டணத்தோடு முடிந்துவிடும். இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டுங்கள். பணம் கட்டியபின் சைட் எல்லா இடத்திலும் திரும்பத் தெரியச் சில மணிநேரம் முதல் 48 மணிநேரம் வரை ஆகலாம். அதற்குள் பதறிப்போய் நேம்சர்வரை (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) மாற்றாதீர்கள். நேம்சர்வரை மாற்றினால் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள் அங்கே இல்லாமல் போய், சைட் வரும், மெயில் வராது.

மெயில் விஷயத்தைக் கடைக்காரரிடம் ஒளிக்க வேண்டாம். அனுப்பும் சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அதனால் ஆரம்ப நாட்களில் வந்த ஆர்டர் மெயில்கள் போனது போனதுதான். மொத்தமாக வாங்குகிறவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்களுக்கு மட்டும் போன் போட்டு மறுபடி அனுப்பச் சொல்லும்படி அவரிடம் சொல்லுங்கள். புதுப்பித்த செலவு உங்களுடையது. அதைப் பில்லில் ஏற்றாதீர்கள்.

ஏன் தெரியாமல் போனது? டாட் காம் போன்ற டொமைன்களுக்குக் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் மெயில் போயாக வேண்டும் என்பது உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. போயிருக்கும், நீங்கள் பார்க்காத ஏதோ ஒரு பழைய ஜிமெயிலுக்கு. ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தாலும் கார்டு மாறியிருந்தால் பணம் எடுக்க முடியாது. ஆக, 31 டொமைனும் உங்கள் பேரில் இருக்கும்வரை 31 இடத்தில் இது நடக்கும்.

எதை யார் பேரில் வைப்பது

டொமைன் கடைக்காரருடைய பேரில், அவருடைய மெயிலில், அவருடைய போன் நம்பரில் இருக்க வேண்டும். அவருக்கு அதே பதிவு நிறுவனத்தில் ஒரு கணக்குத் திறந்து, உங்கள் கணக்கிலிருந்து அதற்கு உள்ளேயே மாற்றிவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இதற்குக் கட்டணம் இல்லை, சைட்டும் நிற்காது. வேறு நிறுவனத்துக்கே மாற்றும் எண்ணம் இருந்தால் வரிசை முக்கியம். பதிவுதாரர் பெயரை முதலில் மாற்றினால் 60 நாள் வெளியே மாற்ற முடியாதபடி பூட்டு விழக்கூடும். அதனால் முதலில் நிறுவனம் மாற்றம், பிறகு பெயர் மாற்றம். கணக்கை நிர்வகிக்கும் அனுமதியை மட்டும் உங்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

‘டொமைன் என் கையில் இருந்தால்தானே என்னை விட்டுப் போகமாட்டார்கள்’ என்று தொழிலில் பலர் நினைக்கிறார்கள். போக நினைப்பவர் போகத்தான் போகிறார், கூடுதலாகத் திட்டிவிட்டுப் போவார். காலாவதியானால் பழி மட்டும் உங்களுக்கு.

பேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கும் இதே முறைதான். உரிமையாளரின் சொந்தப் பேஸ்புக் கணக்கிலிருந்து மெட்டா பிசினஸ் சூட்டில் கடை பேரில் ஒரு பிசினஸ் போர்ட்போலியோ திறக்க வேண்டும். பக்கத்தையும் இன்ஸ்டாகிராமையும் அதில் சேர்க்க வேண்டும். விளம்பரக் கணக்கை அதற்குள்ளேயே புதிதாகத் திறந்து, பணம் கட்டும் வழியாக அவருடைய கார்டையோ யுபிஐ-யையோ போட வேண்டும். உங்களைப் பார்ட்னராகச் சேர்த்து வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். முழுக் கட்டுப்பாடு கடைப் பக்கம் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும், அப்பா ஒருவர், மகன் ஒருவர் என்று. ஒரே ஆள் வைத்திருந்து அவர் போன் தொலைந்தாலோ கணக்கு முடங்கினாலோ பக்கத்தை மீட்பது பெரும்பாடு. இரட்டைச் சரிபார்ப்பு போட்டபின் வரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிக் கல்லாவில் வைக்கச் சொல்லுங்கள். ‘உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணிநேரத்தில் நீக்கப்படும்’ என்று மெட்டா பேரில் வரும் மெசேஜ் லிங்கைத் தொடக்கூடாது என்பதையும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள். பல பக்கங்கள் பறிபோவது இந்த வழியில்தான்.

இதைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் செய்யக் கூடாது. புதிய விளம்பரக் கணக்குக்கு ஆரம்பத்தில் தினசரிச் செலவு வரம்பு மிகக் குறைவாக இருக்கும். ஒழுங்காகச் செலவு செய்து பில் கட்டக் கட்டத்தான் உயரும். சீசனுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கணக்கைத் திறந்து சிறு தொகையில் ஓட்டி வைத்திருக்க வேண்டும்.

கார்டைத் தர மாட்டேன் என்று தயங்கும் கடைக்காரரிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை, வரியைப் பற்றிப் பேசுங்கள். 10,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓடினால் மேலே 1,800 ரூபாய் ஜிஎஸ்டி. விளம்பரக் கணக்கில் கடையின் ஜிஎஸ்டி எண் இருந்து, பில் கடை பேரில் வந்தால், வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டும் கடை அந்த 1,800-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ளும். விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு மட்டும் இது கிடைக்காது. இப்போது உங்கள் கார்டில் போவதால் அந்தப் பணம் யாருக்கும் இல்லாமல் போகிறது. ஜவுளிக்கடை ஆடிட்டரிடம் இதைச் சொன்னால் மறுநாளே கார்டு வரும்.

உங்களுக்கும் லாபம் உண்டு. மாதம் 40,000 என்றால் வருடத்துக்கு 4,80,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கு வழியாக வந்து போகிறது. அது உங்கள் வருமானம் இல்லை, ஆனால் பார்ப்பவர்களுக்கு வருமானம் போலத்தான் தெரியும். பள்ளி மாதிரி டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிக் கழிக்கும் வருமானவரி) பிடிக்கும் இடங்கள், விளம்பரப் பணமும் சேர்ந்த ஒரே பில் கொடுத்தால், முழுத் தொகைக்கும் பிடிப்பார்கள். யாராவது ஒருவர் தராமல் போனால் கிரெடிட் கார்டு வட்டியும் உங்கள் தலையில். மாற்றி முடிக்கும்வரை விளம்பரப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, உங்கள் கட்டணத்தோடு கலக்காமல் தனி ரசீது போடுங்கள்.

31 சைட்டுக்கும் ஒரு ஷீட் போடுங்கள். டொமைன், எந்த நிறுவனம், யார் பேர், எந்த மெயில், காலாவதித் தேதி, நேம்சர்வர், மெயில் எங்கே ஓடுகிறது, ஹோஸ்டிங், கடைசி பேக்கப் தேதி, அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்த தேதி. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. டேட்டாபேஸ் இல்லாமல் வெறும் பைல் மட்டும் சேமித்திருப்பது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். காலண்டரில் ஒவ்வொரு டொமைனுக்கும் 60, 30, 7 நாள் முன்பு அலாரம் வையுங்கள்.

31 சைட்டும் ஒரே ஹோஸ்டிங் கணக்கின் கீழே போல்டர் போல்டராக இருந்தால் அதையும் பிரிக்க வேண்டும். காசு கொடுக்காமல் எடுத்த, பூட்டு உடைத்த ‘நல்டு’ தீம் ஒன்றோ, பல மாதமாக அப்டேட் செய்யாத ப்ளகின் ஒன்றோ போதும். ஒரு சைட்டில் நுழைந்த வைரஸ் அதே கணக்கில் இருக்கும் அத்தனை சைட்டிலும் பைல் எழுதிவிடும். சைட்டுக்கு ஒரு தனி சிபேனல் (ஹோஸ்டிங் நிர்வாக) கணக்கு, தனிப் பாஸ்வேர்டு. சைட்டின் காண்டாக்ட் பாரத்திலிருந்து வரும் மெயில்களையும் ஒருமுறை சோதியுங்கள். சர்வரே நேரடியாக அனுப்பும் மெயில் பெரும்பாலும் ஸ்பாமுக்குப் போகும். கடையின் மெயில் கணக்கில் நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி வழியாக அனுப்பி, மெயில் உண்மையானது என்று காட்டும் எஸ்பிஎப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேர்த்தால் சரியாகும். ‘சைட்டால் ஒரு என்கொயரியும் வரவில்லை’ என்று குறைப்படும் கடைகளில், வந்ததெல்லாம் ஸ்பாமில் கிடப்பது அடிக்கடி நடப்பது.

12 மணிநேரம் எங்கே போகிறது

மாதம் 26 நாள், தினம் 8 மணிநேரம் என்றால் 208 மணிநேரம். அதில் பில் போட முடிகிற வேலைக்குக் கிடைப்பது 60 சதவீதம்தான். மீதி போன், பயணம், கணக்கு, பணம் கேட்டு அலைவது. ஆக 125 மணிநேரம். வீட்டுக்கு 45,000 வேண்டும், செலவு 10,000 என்று வைப்போம். செலவு என்றால் நெட், சாப்ட்வேர், கரண்ட், பெட்ரோல், மருத்துவக் காப்பீடு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப் வாங்க எடுத்து வைப்பது. 55,000-ஐ 125-ஆல் வகுத்தால் மணிக்கு 440 ரூபாய்.

இப்போது ஒரு கடைக்கு நீங்கள் செய்வதைப் பாருங்கள். 12 போஸ்டர், ஒன்றுக்கு ஒரு மணிநேரம், 12. 4 ரீல்ஸ், போய் எடுத்து வந்து எடிட் செய்ய ஒன்றுக்கு 3 மணிநேரம், 12. கமென்ட், மெசேஜ் பார்ப்பது, பதிவு போடுவது 6. பேச்சும் திருத்தமும் 4. மொத்தம் 34 மணிநேரம். 440 வீதம் 14,960 ரூபாய். நீங்கள் வாங்குவது 6,000. ஒன்பது கடைக்கும் சேர்த்து 306 மணிநேரம்; தினம் 12 மணிநேரம் வீதம் 26 நாளுக்கு 312. போஸ்டருக்கும் ரீல்ஸுக்குமே மாதம் முடிந்துவிடுகிறது. வெப்சைட் வேலை நடுராத்திரியில் நடக்கிறது, டொமைன் காலாவதி கண்ணில் படுவதில்லை. பால்கோவா கடையில் நடந்ததற்கும் மூலகாரணம் இதுதான்.

6,000 ரூபாய்க்குச் சுமார் 13.5 மணிநேர வேலைதான் தர முடியும். அப்படியானால் 8 போஸ்டர், டெம்ப்ளேட் வைத்து ஒன்றுக்கு முக்கால் மணி, 6 மணிநேரம். ஒரு ரீல் 3. பதிவு போடுவது, கூகுள் பிசினஸ் புரொபைலில் நேரம், போட்டோ, விலை புதுப்பிப்பது 2.5. பேச்சும் திருத்தமும் 2. இதைத் தாண்டிக் கேட்பதெல்லாம் கூடுதல் கட்டணம். 4 ரீல்ஸ் வேண்டும் என்பவருக்கு 15,000 ரூபாய்த் திட்டம்.

இதே முறையில் 7 கடை வைத்தால் 94.5 மணிநேரம், 42,000 ரூபாய். மீதி 30 மணிநேரம் வெப்சைட்டுக்கு. 5 பக்கச் சைட்டுக்கு 40 மணிநேரம் ஆகுமானால் அதன் விலை 17,600. 18,000-க்குக் கீழே ஒப்புக்கொள்ளாதீர்கள், டொமைனும் ஹோஸ்டிங்கும் தனி. ஏற்கெனவே போட்ட சைட்டுகளுக்கு இந்த வருடத்திலிருந்து ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று எழுதிக் கொடுங்கள்: அப்டேட், பேக்கப், சிறு மாற்றங்களுக்கு வருடத்தில் இத்தனை மணிநேரம் என்று. 99 ரூபாய் டொமைன் என்று நெட்டில் பார்த்துவிட்டு வருபவரிடம், அது முதல் வருடச் சலுகை, புதுப்பிக்கும்போது முழு விலை என்பதை அந்தப் பக்கத்திலேயே கீழே காட்டுங்கள்.

எந்த இரண்டு கடையை விடுவது? தாமதமாகப் பணம் தருகிறவர், இரவு 11 மணிக்கு வாட்ஸப்பில் ‘சின்ன சேஞ்ச்’ என்கிறவர். இரண்டும் ஒரே ஆளாக இருப்பது வழக்கம். அவர் 3,000-க்குச் செய்பவரிடம் போகட்டும். மணிக்கு 440 தேவைப்படுகிற ஆள் 3,000-க்குத் தர முடிவது 7 மணிநேரம் கூட இல்லை. அங்கே போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பது உங்கள் கவலை இல்லை.

விலை உயர்வைச் சொல்ல ஒரு நேரம் இருக்கிறது. ஜவுளிக்கடையும் ஸ்வீட் கடையும் ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி, பொங்கல் வரை யார் பேச்சையும் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். மாசி, பங்குனியில் எழுத்தில் கொடுத்து, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல் என்று வையுங்கள். நிதியாண்டும் புதிது, அவர்களுக்கும் ஆடிக்கு உங்கள் தேவை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும்.

நேரத்தை மிச்சப்படுத்தும் இரண்டு விஷயம். பண்டிகை வாழ்த்துப் போஸ்டரைக் கடைக்குக் கடை புதிதாகச் செய்யாதீர்கள். வருடத்துக்குத் தேவையானதை ஒரே மூச்சில் டிசைன் செய்து லோகோவும் நிறமும் மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று எழுத்துரு. கடைகள் அச்சகத்தில் வாங்கிய நோட்டீஸின் மேட்டரை அப்படியே அனுப்புவார்கள். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும், சைட்டில் ஒட்டினால் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள், மாற்றியில் எழுத்துகள் இடம் மாறும். போட்டோஷாப்பில் கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் எழுத்து அமைப்பை உலகமொழிகளுக்கான லேஅவுட்டுக்கு மாற்றினால் சரியாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் போன்றவை இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

சினிமாப் பாட்டையும் நடிகர் படத்தையும் கடை விளம்பரத்தில் போடச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். பிசினஸ் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் பாட்டு நூலகத்தின் பெரும்பகுதி திறக்காமல் இருப்பதே அந்த உரிமை இல்லாததால்தான். தனிக் கணக்கில் எடிட் செய்து ஏற்றினாலும் ரீல் ஊமையாகும், சில சமயம் நீக்கப்படும். மெட்டாவின் சவுண்ட் கலெக்ஷனில் உள்ளதை எடுங்கள். சித்த மருத்துவமனை எதையாவது பிடிக்கப் போகிறீர்கள் என்றால், ‘சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்’ வகை வாசகங்கள் 1954-ஆம் வருட மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பவரும் அதில் வருவார்.

பள்ளி தர வேண்டிய 68,000

சைட்டை நிறுத்தாதீர்கள். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லாமல், அவர்களுடைய சைட்டைத் திறக்க முடியாமல் செய்வது 2000-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் உங்களையே சிக்க வைக்கும். அட்மிஷன் நேரத்தில் சைட் படுத்தால், பணம் கேட்க வேண்டிய நீங்கள் இழப்பீடு கேட்கப்படும் நிலைக்கு வருவீர்கள். புதிய வேலையை நிறுத்துங்கள், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் வருமானவரித் தளத்தில் உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து பாருங்கள். டிடிஎஸ்-ஐப் பணம் தரும்போது மட்டுமில்லை, கணக்கில் வரவு வைக்கும்போதே பிடிக்க வேண்டும், எது முந்தியதோ அப்போது. பள்ளி பேரில் உங்கள் பில்லுக்கு டிடிஎஸ் ஏறியிருந்தால், அந்த பில்லை ஏற்றுக்கொண்டு கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ‘மேனேஜ்மென்ட் கையெழுத்துப் போடவில்லை’ என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கலாவதால் சமீபத்திய பில்கள் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு பில்லின் எண், தேதி, தொகை, வந்தது, பாக்கி போட்ட ஒரு பக்கக் கணக்கறிக்கையை மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். கரஸ்பாண்டென்ட்டைத் தேடி அலைவதைவிட அக்கவுண்டன்ட்டிடம் பேசுங்கள். மூன்று தவணைக்குச் சம்மதித்தால் அவர்கள் லெட்டர்பேடில் பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வழக்குக்கு மூன்று வருடக் காலவரம்பு உண்டு. அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து அது புதிதாக எண்ணப்படும். 15 நாளில் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலானவை அந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன.

உத்யம் என்ற சிறுதொழில் பதிவைச் செய்திருக்கிறீர்களா? ஆதாரும் பானும் போதும், அரசுத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளங்கள் இடைத்தரகர்கள். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்கான அரசுத் தளத்தில் முறையிட்டால் வழக்கு, தாமதப் பாக்கிகளை விசாரிக்கும் மாநில வசதிக் குழுவுக்குப் போகும். ஆனால் பதிவுக்கு முன்னால் செய்து கொடுத்த வேலைக்கு இந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இனிமேல்தான் பதியப் போகிறீர்கள் என்றால், பள்ளியின் பழைய பாக்கிக்கு இது உதவாது. நாளை வரப்போகும் பாக்கிக்கு உதவும். இன்றே பதிந்து, எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். ஜவுளிக்கடை மாதிரி ஆடிட் ஆகும் தொழில்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. குறித்த நாளுக்குள் உங்களுக்குத் தராமல் வருடம் முடிந்தால், அந்தச் செலவை அந்த வருட வருமானத்தில் கழிக்க முடியாது. மார்ச்சில் அவர்கள் ஆடிட்டரே உங்களைக் கூப்பிட்டுப் பணம் தருவார்.

இனிமேல் புதிய சைட்டுக்கு 50 சதவீதம் ஆரம்பத்தில், 30 டிசைன் சம்மதமானதும், 20 லைவ் செய்வதற்கு முன்பு. மாத வேலைக்கு 5-ஆம் தேதிக்குள் முன்பணம். 10 நாள் தாமதமானால் வேலை நிற்கும், சைட் நிற்காது. இரண்டு சுற்றுத் திருத்தம். ஒரு கடைக்குச் சம்மதம் சொல்ல ஒரே ஆள். அண்ணன் சொன்னதைத் தம்பி மாற்றினால் அது புதிய திருத்தம். விலை போட்ட போஸ்டருக்கு ‘ஓகே’ என்று எழுத்தில் வராமல் வெளியிடாதீர்கள். 999 ரூபாய்ப் புடவை 99 என்று போய்விட்டால் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. படமும் விவரமும் 30 நாளில் தராவிட்டால் அதுவரை செய்த வேலைக்கு பில், மீதி அவர்கள் தரும்போது. பாதி சைட்டுகள் கடைக்காரர் போட்டோ அனுப்பாததால்தான் ஆறு மாதம் தொங்குகின்றன. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். மெயிலில் அனுப்பி ‘சம்மதம்’ என்று பதில் வாங்கினாலே போதும்.

ஜிஎஸ்டி, வருமானவரி, பட்டாசு

சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் வருடம் 20 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உங்கள் கட்டணம் மாதம் 54,000, வருடத்துக்கு 6,48,000. வெப்சைட் சேர்த்தாலும் பாதியைத் தொடாது. ஆடிட்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி இல்லாமல் தரும் சாதாரண பில் செல்லும், வரி வாங்காதபோது கடைக்கு இழப்பதற்கு உள்ளீட்டு வரியும் இல்லை. பதிவு இல்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது. தானாக விரும்பிப் பதிந்தால் எல்லாக் கடைக்கும் 18 சதவீதம் சேர்க்க வேண்டும். காம்பொசிஷனில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு அது வெறும் விலையேற்றம். வேலையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். பெரிய நிறுவனங்கள்தான் உங்கள் வாடிக்கையாளரில் பாதிக்கு மேல் என்ற நிலை வரும்போது யோசிக்கலாம்.

வருமானவரியில், தொழில்முறை வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டும் வழி உண்டு. 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்வது. 2026 ஏப்ரலில் வந்த புதிய சட்டத்தில் எண் மாறியிருந்தாலும் அந்தப் பேரைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வெப்சைட் வேலை அதில் வரும். விளம்பர வேலையை எதில் காட்டுவது என்பதை உங்கள் பில்களைப் பார்த்து ஆடிட்டர் சொல்ல வேண்டும். உங்கள் அளவு வருமானத்துக்குப் புதிய வரி முறையில் வரி வராது. ஆனாலும் ரிட்டர்ன் போடுங்கள். பள்ளி பிடித்த டிடிஎஸ் அப்போதுதான் திரும்ப வரும், வங்கியில் கடன் கேட்டால் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பட்டாசுக் கடை வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈகாமர்ஸ் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டது. ‘கார்ட்’ என்ற பட்டனை ‘எஸ்டிமேட்’ என்று மாற்றி எழுதினால் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்வார்கள். அந்த வாதத்தைக் கடையின் வக்கீல் எழுத்தில் தரட்டும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நிற்கும். கடையின் வரலாறு, லைசென்ஸ், முகவரி, போன் நம்பர், வழி காட்டும் மேப் என்று நேரில் வரவழைக்கும் சைட் கேட்டால் செய்து கொடுங்கள், 18,000 ரூபாய்க்கு. விளம்பரம் மட்டும் ஓட்ட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூகுளும் மெட்டாவும் பட்டாசு விளம்பரத்தை அனுமதிப்பதில்லை. திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டால் விளம்பரக் கணக்கே முடங்கும். இப்போது ஒன்பது கடையின் விளம்பரமும் உங்கள் ஒரே கணக்கில் ஓடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அது முடங்கினால் ஜவுளிக்கடைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இந்த வாரம் பால்கோவா டொமைன், உத்யம் பதிவு, 26ஏஎஸ். அடுத்த வாரம் 31 வரி ஷீட், காலாவதித் தேதி நெருங்கியவை முதலில். கடைகளுக்கு விளம்பரக் கணக்கு மாற்றுவதை ஜவுளிக்கடையில் தொடங்குங்கள். அங்கே ஒருமுறை செய்து பழகிவிட்டால் மற்றவற்றுக்கு ஒவ்வொன்றும் ஒரு மணிநேர வேலை.

– தொழில் ஆலோசனைப் பகுதி